நோட்டில் உள்ளபடி

கல்கத்தா,
9.2.1979

திருமதி வசந்தி அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் அமலா. பெயரைக் கேள்விப்பட்டிராவிட்டாலும் கையெழுத்தைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் அம்மா காலமான பிறகு, இந்த நாலு வருடமாக, அப்பாவிடமிருந்து திருச்சிக்கு வரும் கடிதங்கள் இந்தக் கையெழுத்தில்தான் வருகின்றன. ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொல்வார். நான் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டு, பிறகு தமிழில் எழுதிக் கொடுப்பேன். இந்தக் கடிதம் மட்டும் அவர் சொல்லாமல் நானாக எழுதுவது. தெரிந்தால் என் வேலை போகுமோ என்னவோ, பதினாறு வருட மரியாதை நிச்சயம் போகும்.

பயப்படும்படி ஒன்றுமில்லை என்று ஆரம்பிப்பதுதான் முறை. அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. டாக்குரியாவிலிருந்து ரயில் பிடித்து நேரத்துக்கு ஆபீஸ் வந்துவிடுகிறார். ஐம்பத்தேழு வயதில் கிதர்பூர் டாக்கில் ஏணியைப் பிடித்துக் கப்பலின் அடித்தளம் வரை இறங்கி ஏறுகிறார். பேச்சில்தான் ஏதோ நடக்கிறது.

அப்பாவின் வேலை உங்களுக்குத் தெரியும். கப்பலில் வந்து கெட்டுப்போன சரக்கைப் பார்த்து, எது எப்படிக் கெட்டது என்று இன்ஷூரன்ஸுக்கு ரிப்போர்ட் சொல்ல வேண்டும். பொருளைப் பொருளின் பேரால் சொல்லாவிட்டால் அந்த ரிப்போர்ட் எதற்கும் உதவாது. அப்பா, எங்களுக்கு ரங்கராஜன் சார், முன்பெல்லாம் சொன்னால் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதுபோல் இருக்கும். என் பென்சில்தான் மூச்சு வாங்கும். இப்போது பென்சில் காத்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் தார்ப்பாய் என்று வர வேண்டிய இடத்தில் "மேலே மூடுவோமே, அது" என்றார். மூட்டைகளை "அதெல்லாம்" என்றார். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்து, சொன்னதே தெரியாமல் மறுபடி சொன்னார். ரிப்போர்ட்டெல்லாம் இங்கிலீஷ்தான், உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன்.

ஆபீஸில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் டைப் அடிக்கும்போது நான் சரிசெய்துவிடுகிறேன். ஆனால் ஏப்ரல் எட்டாம் தேதி முதல் ஒரு மாதம் எனக்கு லீவு. பாளையங்கோட்டையில் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், தள்ளிப்போட முடியாது. எனக்குப் பதில் வருகிறவர் காதில் விழுந்ததை அடிப்பார். பிறகு நடப்பது அப்பாவுக்கு அவமானமாக நடக்கும்.

அதற்குள் நீங்கள் வர வேண்டும். வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். டாக்டரிடம் சொல்ல வேண்டுமானாலும் வீட்டு மனுஷி வேண்டும். ஸ்டெனோ சொல்லி எந்த டாக்டர் கேட்பார்?

இப்படிக்கு,
அமலா

*

திருச்சி,
18.2.1979

மிஸ் அமலா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என்ன நினைத்து எழுதினீர்கள் என்று தெரியவில்லை.

போன மாதம் அப்பாவிடமிருந்து வந்ததை எடுத்துத் திரும்பப் படித்தேன். ஒரு வார்த்தை பிசகில்லை. சொல்லப்போனால் பிசகில்லாததுதான் என் குறை. "உன் கடிதம் கிடைத்தது. விவரங்கள் அறிந்தேன். இங்கு அனைவரும் நலம்." அனைவரும் என்றால் யார்? அந்த வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்களே எழுதிய கடிதம் என்பதால் உங்களுக்கு நினைவிருக்கும். 1977 ஜூனில் அப்பாவை இங்கே வந்து எங்களுடன் இருக்கச் சொல்லி எட்டுப் பக்கம் எழுதினேன். என் கணவர்கூட அடியில் நாலு வரி சேர்த்தார். வந்த பதில் மூன்று வரி. "உன் யோசனையைப் பரிசீலித்தேன். தற்போதைய சூழ்நிலையில் அதற்கு இடமில்லை. வசதிப்பட்டால் விடுமுறையில் ஒருமுறை வந்து போகவும்." மகளுக்கு எழுதும் கடிதமா, டெண்டரில் தோற்றவனுக்கு எழுதும் பதிலா என்று என் கணவர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவராக வாய் திறந்து வா என்று கூப்பிடாமல் அந்தப் படியேறுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இன்றுவரை அதுதான்.

ஆகவே, எங்கள் வீட்டு விஷயத்தில் உங்களுக்கு இத்தனை அக்கறை எதனால் என்று கேட்கும்படி இருக்கிறது. பதினாறு வருடம் என்பது நீண்ட காலம். அதற்குமேல் நான் எழுத விரும்பவில்லை.

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். ஒரு இலை பழுத்ததைப் பார்த்து மரத்துக்கு வியாதி என்று சொல்ல மாட்டேன். தார்ப்பாய் என்ற சொல் ஒருநாள் வாயில் வராமல் போவது எனக்கும் நடக்கிறது. பேர் வராதபோது பொருளும் மறந்துவிட்டதா, அல்லது பேர் மட்டும்தானா? அதை நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் யோசித்திருப்பேன்.

வசந்தி

*

கல்கத்தா,
26.2.1979

வசந்தி அவர்களுக்கு,

நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. பதினாறு வருடம் ஒரு மனிதரின் வாக்கியங்களுக்குக் கமா போட்டவளுக்கு அவர்மேல் அந்த மாதிரி எண்ணம் வராது. லேக் மார்க்கெட் பக்கம் ஆண்டாள் என்ற டீச்சரோடு ஒரு அறையைப் பங்கு போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன்.

அடுத்தது பிசகில்லாத கடிதம். அம்மா, அது பிசகில்லாமல் இருப்பது நான் எழுதியதால். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் மாதமே எங்களுக்குச் சொல்லித் தந்துவிடுவார்கள். அதிகாரி இழுத்தால் அதை விட்டுவிடு. ஒன்றை இரண்டு தடவை சொன்னால் ஒரு தடவை போடு. முடிக்காத வாக்கியத்தை முடித்து வை. தடுமாறியதைக் காட்டிக்கொடுக்கிறவள் ஸ்டெனோவே இல்லை. நான் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியதே அதில்தான். அதிகாரி எவ்வளவு தடுமாறுகிறாரோ அவ்வளவு கெட்டிக்காரத்தனம் தேவைப்படுகிறது. எப்போது ஆரம்பித்து எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. டைப் அடித்த காகிதத்தில் சார் இல்லை, சுருக்கெழுத்து நோட்டில் இருக்கிறார். அதில் திருத்த நேரம் கிடையாது, காதில் விழுந்தது அப்படியே கோடாக இருக்கும். எங்கள் மாதிரி சரக்கு சர்வே ஆபீஸில் பழைய நோட்டுகளைக் கிழிப்பதில்லை. பத்து வருடம் கழித்துக் கேஸ் கோர்ட்டுக்கு வந்தால் வக்கீல் வந்து நிற்பார். போன செப்டம்பர் வெள்ளத்தில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த 1968 மட்டும் கூழாகிவிட்டது. மற்றவை இருக்கின்றன.

தண்ணீர் பட்டுக் கெட்ட சரக்கைப் பற்றிய ரிப்போர்ட்டாக வருடத்துக்கு ஒன்று எடுத்தேன். முதல் முந்நூறு வார்த்தைகளில் வேறுவேறு வார்த்தைகள் எத்தனை என்று எண்ணினேன். கரண்ட் போன மத்தியானங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்த வேலை. இந்த ஊரில் அப்படிப்பட்ட மத்தியானங்களுக்குப் பஞ்சமில்லை. 1966இல் 171. 1971இல் 174. 1975இல் 158. 1977இல் 131. போன மாதம் 102. எனக்கு நம்பிக்கை வராமல் போன மாதத்து நோட்டை மறுபடி எண்ணினேன். 101.

வயதானால் எல்லோருக்கும் இப்படித்தானோ என்று தோன்றியது. எங்கள் ஹெட் கிளார்க் பட்டாபி சாருக்கும் நான்தான் எடுக்கிறேன். வயது அறுபத்தொன்று. மறதிக்குப் பேர்போனவர். குடையை எங்கே வைத்தார், மூக்குக்கண்ணாடி எங்கே, நேற்று வந்த வக்கீல் பேர் என்ன, எதுவும் நினைவிருக்காது. அவருடையதை எண்ணினேன். 1966இல் 149, இப்போது 152. குடையைத் தொலைக்கிறாரே தவிர அதைக் குடை என்றுதான் சொல்கிறார்.

உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் நேற்றுக் கிடைத்தது. நனைந்த கோணியில் கடல்தண்ணீரா மழைத்தண்ணீரா என்று பார்க்க சில்வர் நைட்ரேட் சொட்டு விடுவார்கள், கடல்தண்ணீரானால் பால்போல வெளுக்கும். சார் பாட்டிலை எடுத்தார், சரியாக மூன்று சொட்டு விட்டார், பார்த்தார், "இது கடல்" என்றார். பாட்டிலில் இருப்பதன் பேரை ரிப்போர்ட்டில் எப்படிப் போடட்டும் என்று வேண்டுமென்றே கேட்டேன். "வெள்ளையா ஆக்குமே, அதுதான்" என்றார். வேலை தெரிகிறது. பேர்தான் போகிறது.

நாற்பது நாள் இருக்கிறது.

அமலா

*

திருச்சி,
6.3.1979

அமலா அவர்களுக்கு,

போன கடிதத்தில் நான் எழுதிய ஒரு பத்திக்காக வருந்துகிறேன். எது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் எண்களை மூன்று நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். பட்டாபி சாரை எண்ணினீர்களே, அதை என் மாணவிகள் யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஒன்றை ஆராயும்போது அதைப் போலவே இருக்கும் இன்னொன்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று நான் வருடா வருடம் கத்துகிறேன். நீங்கள் யாரும் சொல்லாமல் செய்திருக்கிறீர்கள்.

1975இல்தான் எண் இறங்க ஆரம்பிக்கிறது. அம்மா போன வருடம். துக்கத்தால் பேச்சு குறைந்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின வருடம் பூஜை விடுமுறைக்கு அங்கே வந்திருந்தேன். சாப்பிடும்போது அப்பா "அந்த... அந்த..." என்று கையை நீட்டுவார். அம்மா திரும்பிப் பார்க்காமலே "அப்பளம்" என்று சொல்லி எடுத்துப் போடுவாள். "அவன் வந்தானே, அவன்" என்பார். "எலக்ட்ரிஷியன்" என்பாள் அம்மா. முப்பது வருடத் தாம்பத்தியம் என்று நான் கேலி செய்தேன். இப்போது யோசித்தால், அந்த ஒரு வாரத்தில் அப்பா ஒரு பொருளின் பேரையாவது தானாகச் சொன்னாரா என்று எனக்கு நிச்சயமில்லை. வீட்டில் அம்மா, ஆபீஸில் நீங்கள். இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

இரண்டு உதவி வேண்டும். ஒன்று, ஆபீஸ் சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்றை அவரைச் சொல்ல வைத்து எடுங்கள். காபி போடுவது எப்படி என்று கேளுங்கள். அதில் அவர் மன்னன்.

இரண்டாவது, 1977 ஜூன் கடிதத்தின் நோட்டு இருக்கிறதா? அதில் உள்ளதை அப்படியே எழுதி அனுப்புங்கள். திருத்தாமல்.

வசந்தி

*

கல்கத்தா,
15.3.1979

வசந்திக்கு,

காபி ஆயிற்று. டீ கொண்டுவந்த ஆள் போன பிறகு, எங்கள் ஊர்ப் பக்கம் காபி வேறு மாதிரி என்று ஆரம்பித்து வாயைக் கிளறினேன். உற்சாகமாகத்தான் சொன்னார். "அதுல அதைப் போட்டு, அமுக்கி, மேல கொதிக்கக் கொதிக்க விட்டு, மூடிடணும். கீழ எறங்கும், சொட்டுச் சொட்டா. அவசரப்படக் கூடாது. அப்புறம் இதையும் அதையும் சேத்து." எல்லாம் வரிசை தப்பாமல் வந்தது. பொடி, ஃபில்டர், டிக்காக்ஷன், பால், எதுவும் பேரோடு வரவில்லை. ஆனால் கை அழகாகப் பேசிற்று. மூடி எவ்வளவு பெரிது, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது. கை சொன்னதை எடுக்க, சுருக்கெழுத்தைக் கண்டுபிடித்த பிட்மன் ஒரு கோடும் வைக்கவில்லை.

போன வாரம் ஆபீஸில் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை நடந்தது. டாக்டர் வந்து இன்றைக்கு என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறையுங்கள், முதலமைச்சர் யார் என்றெல்லாம் கேட்டார். சார் எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னார். பட்டாபி சார்தான் தேதியைத் தப்பாகச் சொல்லி, மறதிக்கு மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, கதவைத் திறந்து உள்ளே போய், "ஐயா, அவரைக் கேள்வி கேட்காதீர்கள், பேச விடுங்கள்" என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. நான் யார் சொல்ல?

1977 நோட்டு இருக்கிறது. எடுத்துப் படித்தேன். அனுப்ப மாட்டேன்.

கோபப்படாதீர்கள். ஒருவர் சொன்னதை நோட்டிலிருந்து அப்படியே எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பது எங்கள் தொழிலில் கிடையாது. போலீஸ் கேட்டாலும் அதிகாரியைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று பழக்கியிருக்கிறார்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் நேரில் வாருங்கள். சொல்கிறேன்.

அமலா

*

திருச்சி,
22.3.1979

அமலா அவர்களுக்கு,

அந்தக் கடிதம் என் பெயருக்கு வந்தது. அதில் அப்பா சொன்ன வார்த்தைகள் எனக்குச் சொன்னவை. அவற்றை என்னிடமிருந்து ஒளித்து வைக்கும் உரிமை எந்த இன்ஸ்டிட்யூட்டில் உங்களுக்குக் கொடுத்தார்கள்?

ஏப்ரலில் பரீட்சை, பேப்பர் திருத்த வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு வர வேண்டுமானால் எனக்கு ஒரு காரணம் வேண்டும். எண்ணிக்கை போதவில்லை. அதிகாரியைக் கேட்க வேண்டுமென்றால் அதிகாரியைக் கேளுங்கள்.

வசந்தி

*

கல்கத்தா,
28.3.1979

வசந்திக்கு,

கேட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானம் ஒரு ரிப்போர்ட்டை நோட்டில் உள்ளபடியே டைப் அடித்தேன். ஒரு எழுத்து திருத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. கை அடிக்க மாட்டேன் என்றது. அதை மற்ற காகிதங்களோடு வைக்காமல் தனியாக மேஜைமேல் வைத்தேன். சார் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இது யார் சொன்னது?"

"நீங்கதான் சார்."

"இப்படியேவா?"

"நோட்டுல உள்ளபடி சார்."

மறுபடி முதலிலிருந்து படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் உட்காரத் தோன்றவில்லை.

"மத்ததெல்லாம் நீ சரி பண்ணிண்டு இருந்தியா?"

"ஆமா சார்."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷம் இருக்கும் சார்."

"எனக்குத் தெரியும்" என்றார். "உனக்குத் தெரியுமான்னுதான் தெரியலை."

வசந்தி, நான் அப்போது அழுதுவிட்டேன். ஆபீஸில் அழுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அவர்தான் தேற்றினார். தன் கையால் பேனா பிடித்து எழுத உட்கார்ந்தால் காகிதம் காலியாகவே இருக்கிறது என்றும், என்னிடம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் தான் சொல்ல நினைத்தது முழுசாகத் திரும்பி வருகிறது என்றும் சொன்னார். உங்களுக்கு எழுதும் கடிதத்தை என்னிடம் சொன்னதும் அதனால்தானாம். மனைவி போன பிறகு அதிகாரித் தோரணை கூடிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

உங்களுக்கு எழுதியதைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "அவ என்ன சொன்னா?" என்றார்.

"நம்பலை சார். உங்க கடுதாசி எல்லாம் நல்லா இருக்குதாம்."

சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "அனுப்பு. நோட்டுல இருக்கறதை அனுப்பு" என்றார்.

கீழே இருப்பது 1977 ஜூன் 14ஆம் தேதி நோட்டில் உள்ளது. பிட்மன் கோடு ஒலிக்குத்தான், தமிழுக்கும் பொருந்தும். ழகரத்துக்கு மட்டும் நானாக ஒரு கொக்கி வைத்திருக்கிறேன். புள்ளி வைத்த இடங்கள் அவர் நிறுத்திய இடங்கள்.

"வசந்திக்கு. ம். உன் கடுதாசி வந்தது. எட்டு... எட்டுப் பக்கம். ரெண்டு தடவை படிச்சேன். என்னை அங்க வரச் சொல்றே. வரலாம். வரணும்னுதான் இருக்கு. ஆனா பாரு, இங்க எனக்கு வழி தெரியும். ஸ்டேஷன், அப்புறம் அந்த... தண்ணி, பெரிசா தண்ணி இருக்குமே, அதைச் சுத்தி நடந்தா வீடு வந்துடும். அங்க வந்தா எல்லாத்துக்கும் புதுசா பேர் கத்துக்கணும். இருக்கற பேரே நிக்க மாட்டேங்கறது. அமலா, இதைப் போடாதே. சரி, போடு. வேண்டாம். நீ வா. லீவுல வா. வந்து ஒரு மாசம் இரு. அம்மா இருந்தா சொல்லுவா, நான் என்ன சொல்ல வரேன்னு. நீ வா வசந்தி. எப்ப வரே? சொல்லு, நான் ஸ்டேஷனுக்கு வந்துடறேன். நீ வா."

வா என்று நாலு தடவை சொல்லியிருக்கிறார். நான் ஒரு தடவை போட்டேன். ஒன்றை இரண்டு தடவை சொன்னால் ஒரு தடவை போட வேண்டும் என்பது எனக்கு அவ்வளவு ஊறிப்போன பழக்கம். பேர் நிற்கவில்லை என்றதை, அவர் வேண்டாம் என்றதும் விட்டேன். அது சரியோ தப்போ. ஆனால் "பரிசீலித்தேன்", "தற்போதைய சூழ்நிலையில்", "வசதிப்பட்டால்" மூன்றும் நான் போட்டவை. அப்படி எழுதினால் அழகாக இருக்கும் என்று நினைத்தேன். இந்த இரண்டு வருடக் கோபத்தை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது என் அழகான தமிழ்தான். போன கடிதத்தில் எழுதத் தைரியமில்லாமல் விட்டது இதுதான்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. எட்டாம் தேதி நான் கிளம்புகிறேன்.

அமலா

*

டாக்குரியா, கல்கத்தா,
22.4.1979

அமலா அக்காவுக்கு,

ஹவுரா ஸ்டேஷனில் உங்களை ஏற்றிவிட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறது. உங்கள் அம்மாவின் கண் கட்டை அவிழ்த்தாயிற்றா? வருகிறேன் என்று நான் அடித்த தந்தி கிடைத்த அன்றே ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினீர்களாம், பட்டாபி சார் சொன்னார். உங்கள் கை திருத்தாத ஒரு வாக்கியத்தை அப்பா முதன்முதலில் சொன்னது அவரிடம்தான். நீங்கள் கிளம்பிய மறுநாள், புது ஸ்டெனோ வருவதற்கு முன்னால், தானே அவர் மேஜைக்குப் போய், "எனக்குப் பேர் வரலை, தப்பு வரதுக்குள்ள நான் போயிடறேன்" என்று சொல்லியிருக்கிறார். மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, அவமானம் இல்லை. அவமானப்பட்டு வருவாரோ என்றுதானே நீங்களும் நானும் பயந்தோம்.

டாக்டரிடம் போனோம். வழக்கமான கேள்விகளைக் கேட்டுவிட்டு வயசு என்றார். உங்கள் எண்ணிக்கைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். படித்தார். பட்டாபி சார் வரிசைக்கு வந்ததும் நிமிர்ந்து, இதை யார் எண்ணியது என்று கேட்டார். ஒரு ஸ்டெனோ என்றேன். ஒரு பிரதி வேண்டும் என்றார். மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லையாம். ஆனால் மறுபடி வரச் சொன்னார், இந்தத் தடவை கேள்வி கேட்காமல் அப்பாவை அரைமணி நேரம் பேசவிட்டுக் கேட்கப் போகிறாராம்.

போன வருடம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த வங்காளி மாஷிமா என்னிடம் மெதுவாகச் சொன்னாள், ஒரு வருடமாகவே காய்கறிக்காரனிடம் அப்பா எதையும் பேர் சொல்லி வாங்குவதில்லையாம். கையைக் காட்டி "ஓய்ட்டா தாவ்", அதைக் கொடு, என்கிறாராம். மதராஸிக்கு வங்காளி அவ்வளவுதான் வரும் என்று அவள் நினைத்துக்கொண்டாளாம். முப்பது வருடம் இந்தத் தெருவில் சரளமாக வங்காளி பேசியவர். ஆளாளுக்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறோம், அக்கா. நான் அதிகாரித் தோரணை என்று வைத்துக்கொண்டேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. ரயிலில் வரும்போது முழுக்க இருந்தது. வந்த மூன்றாம் நாள் போய்விட்டது. அப்பா "அந்த" என்று ஆரம்பித்தால் என் வாயிலிருந்து வார்த்தை தானாக வந்து விழுகிறது. அவர் வாயை மூடிக்கொண்டுவிடுகிறார். அன்பு மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அவர் பேச்சு அதோடு நின்றுபோகிறது. ஒரு வாரம் முயன்று இப்போது சும்மா இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கஷ்டமான வேலை. தெருவில் ஒரு ரிக்ஷா வந்து, திரும்பி, போகும்வரைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சில சமயம் வார்த்தை வருகிறது, சில சமயம் வருவதில்லை. வராதபோது இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தேடுகிறோம். ஒருநாள் தேடலில் சலித்து நான் அழுதேன். அவர் அழவில்லை.

பரீட்சைப் பேப்பரை எல்லாம் இன்னொருவரிடம் தள்ளிவிட்டேன். ஜூன் வரை இங்கேதான். அதற்குப் பிறகு எந்த ஊர் என்று இன்னும் முடிவாகவில்லை. அவரைக் கேட்டுத்தான் முடிவு செய்வோம், அவர் சொல்லி முடிக்கும்வரை இருந்து.

இன்று காலை கடிதம் சொல்ல வேண்டும் என்றார். சுருக்கெழுத்துத் தெரியாததால் ஓட ஓட எழுதினேன். யாருக்கு என்று கேட்டபோது உங்கள் பெயர் அவருக்கு வரவில்லை. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. என்னை மன்னியுங்கள். கீழே இருப்பது முழுக்க அவர் சொன்னது.

வசந்தி

"நான் சொல்றதை எழுதுவாளே, அவளுக்கு. ம். உங்க அம்மாவுக்குக் கண்ணு தெரியறதா. இங்க வசந்தி வந்துட்டா. அவளுக்கு வேகம் இல்லை. நான் நின்னா அவளும் நிக்கறா. நீ நிக்க மாட்டே, போட்டுடுவே. நல்லாத்தான் போட்டே. நான் சொல்றதைவிட நல்லா இருக்கும். அதுக்குப் பின்னாடி நான்... ஒளிஞ்சுண்டேன். போறும்னு ஆயிடுத்து. நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை. பண்ணினே. பரவாயில்லை. லீவு முடிஞ்சு வந்ததும் ஞாயித்துக்கெழமை இங்க சாப்பிட வா. அவ பண்ணறேன்னு சொல்லியிருக்கா, அந்த... கோவில்ல குடுப்பா, இலையில. புளி போட்டு... எள்ளு வறுத்து... இரு. சொல்லாதே வசந்தி. இரு. சாதம். இல்லை. புளி... புளியோதரை. புளியோதரை. பாத்தியா, அவ சொல்லலை. நானே சொன்னேன்."